மெத்தைக்கடியில் விட்ட வாக்கு

மேலத்தெரு முடிந்து நடுத்தெருவைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் இருபது குடும்பமாவது இருக்கும், அதற்கப்புறம் கீழத்தெரு, கீழத்தெருவிலும் கடைசி வீடு ஞானாபரணத்தின் வீடு. அவசரப்பட ஒன்றுமில்லை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், வலது முழங்கால்தான் அதைக் கேட்காமல் ஆடிக்கொண்டிருந்தது. கையை வைத்து அழுத்தினார். பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள், பாவம் மகனைப் பறிகொடுத்தவர், உடம்பெல்லாம் நடுங்குகிறது என்று நினைப்பார்கள், நினைக்கட்டும், அதுவும் பொய்யில்லை. ஆசீர்வாதபுரம் சபையில் புத்தாண்டுக் காலை ஆராதனையின் கடைசியில் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பீடத்துக்கு முன்னால் கம்பியோரம் போட்ட நீள மெத்தையில் முழங்காலிட வேண்டும். போதகர் ஜெபம் பண்ணுவார், உபதேசியார் மாசிலாமணி தட்டை நீட்டுவார், தட்டில் கவிழ்த்துப் போட்ட அட்டைகளில் ஒன்றைக் குடும்பத் தலைவர் எடுக்க வேண்டும். அட்டையில் வேதத்திலிருந்து ஒரு வசனம் இருக்கும். அந்த வருஷம் பூராவும் அந்த வீட்டுக்கு ஆண்டவர் கொடுத்த வாக்குத்தத்தம் அதுதான். சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் உண்டு, ஃபிரிட்ஜில் ஒட்டுகிறவர்கள் உண்டு, சித்திரை பிறப்பதற்குள் எங்கே வைத்தோம் என்று தேடுகிறவர்களும் உண்டு. முப்பத்தோரு வருஷம் மின்வாரியத்தில் மீட்டர் சோதித்தவர் ஞானாபரணம், அவருடைய கண் அட்டைக்குப் போகாது, தட்டைப் பிடித்திருக்கும் கைக்குத்தான் போகும். மாசிலாமணி தலைமை ஆசிரியர் குடும்பத்துக்கு நீட்டும்போது தட்டை ஒரு சுற்றுத் திருப்பினாரே, அது எதற்கு? போன வருஷமும் அவர்களுக்கு உயர்த்துகிற வசனம், இந்த வருஷமும் வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வருகிறார்கள். மீட்டரின் ஈய சீலில் ஒரு கீறல் இருந்தாலே வீட்டுக்காரன் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பது அவர் வழக்கம். முகம் பொய் சொல்லும், கை அவ்வளவு சீக்கிரம் பழகாது. மாசிலாமணியின் கை சாதாரணமாகத்தான் இருந்தது, வயசான கை, நகத்தில் மஞ்சள், காலையில் கறிக்கு மஞ்சள் தடவியிருப்பார். ஆனாலும் அட்டைகளைக் கவிழ்த்துவைப்பது யார், எந்த வீட்டுக்கு எது போக வேண்டும் என்று பார்ப்பது யார், பார்க்கவே இல்லையென்றால் அதை வாக்கு என்று சொல்வது எப்படி என்று அவர் மனம் தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது.

பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் பெனிட்டா இருந்தாள். சாம்பல் நிறச் சேலை, முக்காடு, மடியில் ஜிப் வைத்த கறுப்பு உறை போட்ட வேதாகமம். அவர் மகன் ரெஜினால்டின் பெண்சாதி. பெண்சாதியாக இருந்தவள் என்று சொல்ல வேண்டுமோ, இரண்டரை மாதமாகியும் அந்த இடத்தில் அவருக்கு நாக்கு இடறுகிறது. அவள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் ஒரு தரம் திரும்பினாள், அவரைப் பார்த்துத் திரும்பவில்லை, அவருக்கும் பின்னால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பா கிறிஸ்துதாஸைப் பார்த்துத் திரும்பினாள், தலையை லேசாக அசைத்தாள். அந்த அசைப்பு சரி என்கிற அசைப்பா, வேண்டாம் என்கிற அசைப்பா? அவருக்கு இடது கண்ணில் புரை, எழுபது அடி தூரத்தில் ஒன்றும் தெரியாது. கிறிஸ்துதாஸ் காலையில் ஏழு மணிக்கே மார்த்தாண்டத்திலிருந்து வந்து இறங்கிவிட்டார், வாழைத்தார் ஒன்றும் சிப்ஸ் பாக்கெட்டும் தூக்கிக்கொண்டு. காப்பியை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "சம்மந்தி, மோளுக்க காரியம் கொஞ்சம் பேசாண்டாமா? கோயிலு முடியட்டு" என்றார். என்ன காரியம் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்பது அவருடைய உத்தியோகமாக இருந்தது, இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். இருபத்தொன்பது வயசுப் பெண், பிள்ளை குட்டி இல்லை, மாமியார் செத்து ஆறு வருஷமாகிறது, வீட்டில் ஒற்றைக் கிழவன். எந்த அப்பன்தான் விட்டுவைப்பான்? அவர் நியாயம் அவருக்கு. இவளுடைய நியாயம்தான் பிடிபடவில்லை. ஏன் இன்னும் இருக்கிறாள்? அடக்கத்துக்கு மறுநாள் போயிருக்கலாம், நாற்பதாம் நாள் போயிருக்கலாம். போகவில்லை. காலையில் ஆறரைக்குக் காப்பி, எட்டரைக்கு இட்லி, மத்தியானம் அவருக்கென்று உப்புக் குறைத்த குழம்பு. சபையில் எல்லாரும் புருஷன் செத்தும் மாமியார் நகோமியை விடாத ரூத்தைப் போல என்று சொல்லிச் சொல்லி அவருக்குக் காது புளித்துவிட்டது. ரூத் கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தக் கதை தொடங்கின சூட்டிலேயே மாமனார் எலிமெலேக்கு செத்துப்போகிறார். மாமனார் இருந்திருந்தால் ரூத் கூடப் போயிருப்பாளா, யார் கண்டது? அத்தோடு அவள் கதிர் பொறுக்கப் போன வயலில், பிறகு அவளைக் கட்டிக்கொண்ட ஒரு போவாஸ் இருந்தான். இங்கேயும் ஒருத்தன் இருக்கிறானோ, மொட்டைமாடியில் நின்று தணிந்த குரலில் போன் பேசுகிறாளே, அது யாரிடம்? வீட்டை எழுதி வாங்க நினைக்கிறாளோ? சே, என்ன நினைப்பு இது, ஆலயத்துக்குள் உட்கார்ந்துகொண்டு. ஆனால் அந்த ஜிப்? அவர் அறைக்குள் நுழைந்தால் போதும், விரித்திருக்கும் வேதாகமத்தை மூடி ஜிப்பை இழுத்துவிடுகிறாள், ர்ர்ரென்று ஒரு சத்தம். வேதம் வாசிக்கிறவள் மாமனாரைக் கண்டு ஏன் மூட வேண்டும்? ஒரு நாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் அவர் அந்த ஜிப்பைப் பிடித்தேவிட்டார், இரண்டு அங்குலம் திறந்தார், உள்ளே ஏதோ ஒரு காகிதத்தின் விளிம்பு தெரிந்தது, அதற்குள் தாழ்ப்பாள் சத்தம், விட்டுவிட்டார். கடிதமா, மாப்பிள்ளை போட்டோவா? முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ மீட்டர் பெட்டிகளைத் திறந்தவர், அந்த இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக் கை வரவில்லை.

"நடுத்தெரு, செல்லையா நாடார் குடும்பம்" என்று மைக்கில் வந்தது. ஒன்பது பேர் எழுந்து போனார்கள், மகன்கள், மருமகள்கள், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே பார்த்தார். வானத்து நட்சத்திரங்களை எண்ணச் சொல்லி, உன் சந்ததி அவ்வளவு இருக்கும் என்ற தேவன் ஆபிரகாமுக்கு ஒரே ஒரு பிள்ளையைக் கொடுத்து, அதையும் பலியிட மலைக்குக் கூட்டிக்கொண்டு வா என்றார், கடைசி நிமிஷத்தில் கையைப் பிடித்து நிறுத்தினார் என்பதுதான் அங்கே விசேஷம். தரைப்பாலத்தில் யாரும் யார் கையையும் பிடிக்கவில்லை. ஐப்பசி மழை, ரெஜி வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் விட்டு வருகிறான், பாலத்துக்கு மேலே தண்ணீர் போகிறது, பத்துப் பேர் இக்கரையில் நிற்கிறார்கள், அவன் மட்டும் பைக்கை உள்ளே விட்டான். மறுநாள் கருவேல முள்ளில் சட்டை மாட்டிக் கிடந்தான், நீலக் கட்டம் போட்ட சட்டை, அடையாளம் காட்டியது ஞானாபரணம்தான். தாவீதின் வம்சத்தில் வந்த எருசலேமின் கடைசி ராஜாவுக்கு அவனுடைய பிள்ளைகளைக் கண்ணுக்கு முன்னால் கொன்று, அதற்கப்புறம் கண்ணைப் பிடுங்கினார்கள் என்று ராஜாக்களின் கதையில் வரும். அந்த இடத்தை அவர் சின்ன வயசில் கொடுமை என்று நினைத்தார், இப்போது இரண்டாவது காரியத்தை ஒரு தயவு என்று நினைக்கிறார். உன் வீடு என்றைக்கும் நிற்கும் என்று தாவீதுக்குச் சொன்ன வாக்கு அங்கே வந்து முடிந்தது. மிச்சம் என்ன? முப்பத்தேழு வருஷம் சிறையிலிருந்த இன்னொரு ராஜாவை வெளியே விட்டு, பாபிலோன் மேஜையில் தினமும் சாப்பாடு போட்டார்கள். அவ்வளவுதான். நித்திய சிங்காசனம் என்று ஆரம்பித்துக் கடைசியில் ஒருவேளைச் சோறு. அந்தப் பக்கத்தில் அவர் எப்போதும் எரிச்சலோடு புத்தகத்தை மூடுவார். இதைத் தாவீதின் வீட்டைப் பற்றிய சங்கீதமும் கேட்கிறது, உண்மையுள்ளவர் உண்மையுள்ளவர் என்று பாடி வந்து பாதியில் குரல் மாறி, கொடுத்த சத்தியம் என்னவாயிற்று என்று சண்டை போடுகிறது. யாரோ கடைசியில் ஒரு ஆமென் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டுப்போட்ட சீல் அவருக்குத் தெரியும்.

ஒட்டுப்போட்ட சீலைப் பற்றிப் பேச உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று உள்ளே ஒன்று கேட்டது. அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார், மார்கழிக் குளிரில் வேர்த்திருந்தது. அந்த இடத்துக்கு வராமல் எவ்வளவோ சுற்றிப் பார்த்தார், வந்துவிட்டது. போன வருஷம் இதே நாள், இதே மெத்தை, இடது பக்கம் ரெஜி, வலது பக்கம் பெனிட்டா. போதகர் கண்ணை மூடி ஜெபிக்கிறார், மாசிலாமணியும் கண்ணை மூடியிருக்கிறார். ஞானாபரணம் ஒரு அட்டையை எடுத்தார், கட்டைவிரலால் ஓரத்தை மடக்கிப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. தண்ணீர் என்ற வார்த்தை கண்ணில் பட்டது. தண்ணீரைக் கடக்கும்போது உன்னோடு இருப்பேன், நெருப்பில் நடக்கும்போது வேகமாட்டாய் என்று தீர்க்கதரிசி சொன்ன வசனம். நல்ல வசனம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் அதற்காகவா வந்தார்? கல்யாணமாகி ஐந்து வருஷம், வீட்டில் தொட்டில் ஆடவில்லை, பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்று கேட்க வந்தவருக்குத் தண்ணீரும் நெருப்பும் எதற்கு? அட்டையை அப்படியே முழங்காலிட்டிருந்த மெத்தைக்கடியில் செருகினார், வேறொன்றை எடுத்தார். வந்தது தாவீதின் வாக்கு. வீடும் சந்ததியும் என்றைக்கும் நிலைத்திருக்கும். வீட்டுக்குப் போய்ச் சட்டம் போட்டு மாட்டினார். ஊரெல்லாம் மீட்டரைத் திருத்தினவர்களைப் பிடித்தவர், ஆண்டவருடைய மீட்டரில் கை வைத்துவிட்டார். அடக்கம் முடிந்து நாலாம் நாள் தனியாகக் கோவிலுக்கு வந்து மெத்தை மெத்தையாகத் தூக்கிப் பார்த்தார், ஒன்றுமில்லை. பெருக்குகிற அம்மாளிடம், "குப்பையில அட்டை எதுவும் கெடந்துச்சா?" என்று கேட்டார். "எந்த வருஷத்துக் குப்பையக் கேக்கிய சார்?" என்றாள் அவள். அன்றிலிருந்து ஒரே கணக்கு அவருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, எந்தப் பக்கமிருந்து போட்டாலும் அதே விடை. அந்த அட்டைதான் நிஜமாக வந்தது. தண்ணீர் வரும் என்றும் சொன்னது, கூட இருப்பேன் என்றும் சொன்னது. தண்ணீர் சொன்னபடி வந்துவிட்டது, தேதி தவறவில்லை. கூட இருப்பேன் என்கிற பாதியைத்தான் இவர் மெத்தைக்கடியில் விட்டுவிட்டு வந்துவிட்டார். ஆளில்லாமல் போயிற்று வீட்டில், பாலத்தில், எங்கும். அப்படிப் பண்ணுவாரா தேவன், ஒரு கிழவன் செய்த திருட்டுத்தனத்துக்கு ஒரு பையனையா எடுப்பார்? மாட்டார் என்று போதகர் சொல்வார். ஆனால் போதகரிடம் இதைச் சொன்னால்தானே அவர் சொல்வதற்கு? யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெனிட்டாவின் காதுக்குப் போகும். அவள் முகத்தைப் பார்க்க முடியாது. அவள் இட்லித் தட்டை வைக்கும்போதெல்லாம் இவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று அவள் கையைப் பார்க்கிறார்.

முன்வரிசை தேவசித்தம் திரும்பிக் குனிந்தார். "அண்ணாச்சி, சம்மந்தி வந்திருக்காவ போல. பிள்ளையக் கூட்டிட்டுப் போகவா?"

"வருசப் பிறப்புக்கு வந்திருக்காரு. வந்தா குத்தமா?"

"குத்தம்னு யாரு சொன்னா? நீங்க தனியா என்ன செய்வீங்கன்னுதான் கேட்டேன்."

கீழத்தெரு ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் மாசிலாமணி மைக்கைப் பிடித்து அந்த அறிவிப்பைச் சொன்னார்: வெளியூரிலிருந்து வந்திருக்கிற விருந்தாளிக் குடும்பங்கள் கீழத்தெரு முடிந்ததும் கடைசியாக வரலாம். ஞானாபரணத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கிறிஸ்துதாஸ் இன்றைக்கென்று பார்த்து வந்தது இதற்குத்தான். அந்தத் தலையசைப்பு இதற்குத்தான். மகள் அப்பனோடு போய் முழங்காலிடுவாள், அந்தக் குடும்பத்தின் அட்டை அவளுக்கும் அட்டையாகும், சபை முழுக்கப் பார்க்கும், அதற்கப்புறம் வீட்டுக்கு வந்து பேச என்ன இருக்கிறது? கெட்டிக்காரத்தனம். இவர் பெயரைக் கூப்பிடும்போது எழுந்து போனால், பக்கத்தில் யாருமில்லாமல் அந்த நீள மெத்தையில் ஒற்றை ஆளாய், எழுபதாம் வயசில், குடும்பத் தலைவர் என்று. குடும்பம் எங்கே? போகாமலே இருந்துவிட்டால் என்ன? கழிவறைக்குப் போகிற மாதிரி எழுந்து வெளியே போய்விடலாம். ரெஜி சின்னப் பிள்ளையில் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின்போது அப்படித்தான் நழுவுவான், வேப்பமரத்தடியில் நிற்பான், இவர் போய்க் காதைப் பிடித்துக் கூட்டிவருவார், இப்போது அந்தக் காதின் சூடு விரலில் இருக்கிறது, ஐயோ, இந்த விரல்தானே ஓரத்தை மடக்கியது. "கீழத்தெரு, ஞானாபரணம் குடும்பம்." சத்தம் கூரையில் மோதித் திரும்பிவந்தது. எழுந்தார். பெண்கள் பக்கம் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தார். நடையில் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தில் ஒரு சாக்லேட் தாள் கிடந்தது, அதைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பின்னால் சேலைச் சத்தம் கேட்டதோ? விசிறிக் காற்றில் யாருடைய சேலையோ. திரும்பவில்லை. மெத்தைக்கு வந்து, கம்பியைப் பிடித்து, முதலில் இடது காலை, அப்புறம் வலது காலை மடக்கி முழங்காலிட்டார். இடது பக்கம் வெறுமை. அது அப்படித்தான் இருக்கும். வலது பக்கம் மெத்தை மெதுவாக அமுங்கியது.

சாம்பல் நிறச் சேலையின் ஓரம் தெரிந்தது. முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தார், பழக்கம் விடவில்லை. அந்தக் கை வேதாகமத்தின் ஜிப்பைப் பிடித்தது. ர்ர்ரென்று அதே சத்தம், இந்தத் தடவை எதிர்ப்பக்கமாக. போதகர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார், தலைமுறை தலைமுறையாக உண்மையுள்ளவராக இருக்கிற தேவனே என்று. பெனிட்டா ஒரு அட்டையை எடுத்துக் கம்பியின் மேல் அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஓரம் மடங்கியிருந்தது, கட்டைவிரல் அகலத்துக்கு. தண்ணீர் என்ற வார்த்தை மடிப்புக்குக் கீழே இருந்தது. மடிப்பை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார், தானே மடக்கியதுதானா என்று. தான்தான். அந்த நேரத்திலும் சோதித்துப் பார்க்கத்தான் தோன்றியது அவருக்கு.

"நீங்க செருகுனத அப்பமே பாத்துட்டேன் மாமா" என்று அவள் உதடு அசையாமல் சொன்னாள். "எந்திரிக்கும்போது எடுத்துட்டேன். நம்ம வீட்டுக்குன்னு வந்தத எப்படி விட்டுட்டு வர்றது?"

அவர் கேட்டது ஒரே வார்த்தை. "ரெஜிக்கு?"

"தெரியும். அன்னைக்கு ராத்திரியே காமிச்சேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. 'அப்பா மீட்டர மாத்தி வச்சிட்டாரு, கேட்டுராத, சங்கடப்படுவாரு, நீயே பத்திரமா வச்சுக்கோ'ன்னாங்க. அதான் நீங்க வரும்போதெல்லாம் மூடுனேன். அவங்க போன பிறகு சொல்லணும்னு எத்தனையோ நாளு நெனச்சேன். நீங்க தாங்க மாட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

சிரித்தானா? சிரித்தான். அவன் சிரிக்கும்போது முன்பல் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறியிருப்பது தெரியும். ஒரு வருஷம் அந்த அட்டை வீட்டுக்குள் இருந்திருக்கிறது, அவர் தேடின மெத்தைக்கடியில் இல்லாமல், அவருக்கு இட்லி வைக்கிற கைக்குள். அவர் விட்டுவிட்டு வந்ததாக நினைத்த பாதி வீட்டைவிட்டுப் போகவே இல்லை. தண்ணீர் ஏன் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை, அந்தச் சண்டை முடியவில்லை, முடியாது. ஆனால் இரண்டரை மாதம் ஒரு நாள் தவறாமல் அவருக்குச் சாப்பாடு கிடைத்திருக்கிறது. அழுகை வந்தது, அடக்கவில்லை. ஜெபத்தில் உருகிவிட்டார் என்று நினைத்துப் போதகர் இன்னும் சத்தமாக ஜெபித்தார்.

"ஒங்கப்பா கூப்பிட வந்திருக்காரு" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "போகணும்னு தோணுச்சுன்னா போயிரும்மா. எனக்காக நிக்காத. நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன்."

"போறப்ப சொல்லிட்டுப் போறேன். இப்ப அட்டைய எடுங்க, உபதேசியாரு கை வலிக்க நிக்காரு."

மாசிலாமணியின் தட்டு முன்னால் இருந்தது, கவிழ்ந்த அட்டைகள், நாலைந்துதான் மிச்சம். ஞானாபரணம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நீ எடு" என்றார். குடும்பத் தலைவர் எடுப்பதுதான் வழக்கம், மாசிலாமணி போதகரைப் பார்த்தார், போதகர் சரியென்று தலையசைத்தார். பெனிட்டா கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். அவர் அதைப் பார்க்கவில்லை, ஓரத்தைக்கூட மடக்கிப் பார்க்கச் சொல்லவில்லை. அவள் புது அட்டையைப் பழைய அட்டையோடு சேர்த்து வேதாகமத்துக்குள் வைத்தாள், அவர் எழுந்திருக்க ஒரு கையைக் கொடுத்தாள். கம்பளத்தில் திரும்பி நடக்கும்போது அவர் பார்த்தார், வேதாகமம் அவள் இடுப்போடு சாய்ந்திருந்தது, ஜிப்பை அவள் மூடவில்லை.